கைக்குப் பழகுவது என்றால் என்ன? சிலம்பக் கம்பை வைத்து ஒரு விளக்கம்

சிலம்பம் கற்கச் சேர்ந்தபோது எனக்கு 35 வயது. பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் ஆறாவது, ஏழாவது படிக்கும் பிள்ளைகள். முதல் மாதம் முழுக்க ஒரே ஒரு சுற்றுதான்: கம்பை நடுவில் பிடித்து, உடம்புக்கு முன்னால் இடமும் வலமுமாகச் சுழற்றுவது. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், ஓரளவு வந்துவிட்டது என்று நான் நம்ப ஆரம்பித்த நேரம் பார்த்து, ஆசான் அருகில் வந்து நின்று கேட்டார்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க தம்பி?"

"இட்..." என்று வாயைத் திறந்தேன். கம்பு முழங்காலில் இடித்தது.

அவர் சிரிக்கவில்லை. "சரி, சுத்துங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பையனிடம் போய் அதே கேள்வியைக் கேட்டார். பூரிதான், ஆனால் கிழங்கில் உப்பு இல்லை, அம்மா ஊருக்குப் போயிருக்கிறார் என்று அவன் விவரமாகச் சொல்லி முடித்தான். அவன் கம்பு ஒரு சுற்றுக்கூடத் தடுமாறவில்லை.

அது நலம் விசாரிப்பு இல்லை, பரீட்சை என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. ஓர் அசைவு கைக்குப் பழகிவிட்டதா என்று பார்க்க உளவியல் ஆய்வுக்கூடங்களிலும் ஏறக்குறைய இதையேதான் செய்கிறார்கள். ஒரு வேலையைச் செய்துகொண்டிருப்பவரிடம் கூடவே இன்னொரு வேலையைக் கொடுப்பார்கள். நூறிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்துக்கொண்டே வரச் சொல்வார்கள், அல்லது காதில் விழும் சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். முதல் வேலை கெடாமல் இரண்டாவதும் நடந்தால், முதலாவதற்கு இப்போது கவனம் அவ்வளவாகத் தேவைப்படவில்லை என்று அர்த்தம். ஆசானுக்கு ஆய்வுக்கூடம் வேண்டியிருக்கவில்லை. இட்லி, பூரியை வைத்தே முடித்துவிட்டார்.

அந்தப் 'பழகிவிட்டது' என்ற நிலை எப்படி வருகிறது, எதற்காக வேண்டும், எங்கே நம்மை ஏமாற்றும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். நான் அறிந்தது சிலம்பம் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். கராத்தேயோ ஜூடோவோ குத்துச்சண்டையோ பழகுகிறவர்கள் கம்பு என்ற இடத்தில் கையையோ காலையோ வைத்துக்கொள்ளலாம்.

முதலில், பழகும்போது நமக்குள் என்ன மாறுகிறது என்று பார்ப்போம். பால் ஃபிட்ஸ், மைக்கேல் போஸ்னர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1967-இல் இதை மூன்று கட்டமாகப் பிரித்தார்கள். இன்றும் பயிற்சியாளர்கள் அதையே சொல்கிறார்கள். முதல் கட்டத்தில் வாய் வேலை அதிகம். 'வலது கை மேலே, இடது கை கீழே, இப்போது மணிக்கட்டைத் திருப்பு' என்று நமக்கு நாமே கட்டளை இட்டுக்கொண்டிருப்போம். மனம் முழுக்க அந்தக் கட்டளைகளே நிறைந்திருப்பதால் இட்லிக்கு இடமில்லை. இரண்டாவது கட்டத்தில் கட்டளைகள் குறையும், பெரிய தப்புகள் போய்ச் சின்னச் சின்னத் தப்புகள் தெரிய வரும். எது தப்பாகிறது என்று கையே சொல்ல ஆரம்பிக்கும். மூன்றாவதில் கட்டளை என்பதே கிடையாது. 'சுற்று' என்று நினைத்தால் போதும், மீதியைக் கை பார்த்துக்கொள்ளும். இந்த மூன்றுக்கும் நடுவில் கோடு எதுவும் இல்லை. வலது பக்கம் மூன்றாவது கட்டத்திலும் இடது பக்கம் முதல் கட்டத்திலும் ஒரே ஆள் இருக்க முடியும். நான் இருக்கிறேன்.

கியர் வண்டி ஓட்டக் கற்ற நாளை நினைத்துப் பாருங்கள். கிளட்ச், கியர், ஆக்சிலேட்டர் மூன்றும் மூன்று தனித்தனிப் பிரச்சினைகளாக இருந்தன. இப்போது கியர் மாற்றியதே நினைவில்லாமல் வீடு வந்து சேர்கிறோம். கைக்குப் பழகுவது என்பது மர்மமான விஷயம் இல்லை. நம் எல்லோருக்கும் பத்து இருபது வேலைகளில் அது ஏற்கெனவே நடந்திருக்கிறது.

சரி, அந்தப் பழக்கம் எங்கே சேமிக்கப்படுகிறது? உடற்பயிற்சிக் கூடங்களில் 'மஸில் மெமரி' என்று சொல்வார்கள். தசைக்கே நினைவு இருப்பதுபோல் அந்தப் பெயர் தொனிக்கும். கம்பு சுற்றும் வரிசையைத் தசை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அது மூளையில்தான் இருக்கிறது. ஆனால் நேற்று என்ன சாப்பிட்டோம் என்பது பதிகிற இடத்தில் இல்லை. இது தெரிய வந்த கதை சுவாரசியமானது.

1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்குக் கடுமையான வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. இரண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவரால் புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியவில்லை. பேசிவிட்டுப் போனவர் சிறிது நேரம் கழித்து வந்தால் புது ஆள்தான். பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். காகிதத்தில் இரட்டைக் கோட்டால் வரைந்த ஒரு நட்சத்திரம். கையையும் காகிதத்தையும் நேராகப் பார்க்க முடியாது, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தபடி அந்த இரு கோடுகளுக்கு நடுவில் பென்சிலை ஓட்ட வேண்டும். செய்து பாருங்கள், பென்சில் எதிர்த்திசையில் போய் நிற்கும். மூன்று நாள் மொலைசன் அதைச் செய்தார். நாளுக்கு நாள் தவறுகள் குறைந்துகொண்டே வந்தன. ஆனால் ஒவ்வொரு நாளும் அவருக்கு அது முதல் முறைதான், முந்தின நாள் செய்த ஞாபகமே இல்லை. ஆளுக்குத் தெரியாது, கைக்குத் தெரிந்திருந்தது.

ஆக, 'தெரிந்துகொள்வது' வேறு, 'வருவது' வேறு, இரண்டுக்கும் மூளையில் வழிகள் வேறு. தமிழில் நாம் 'எனக்குச் சிலம்பம் தெரியும்' என்றும் 'எனக்குச் சிலம்பம் வரும்' என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறோம் இல்லையா? அந்த 'வரும்' என்பதில் சிறுமூளைக்கும், மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்கிலியா என்ற நரம்பணுத் தொகுதிகளுக்கும் பெரிய பங்கு உண்டு. காணொளி எத்தனை பார்த்தாலும், ஆசான் எத்தனை விளக்கினாலும் அது 'தெரியும்' பக்கத்தில்தான் சேரும். 'வரும்' பக்கத்துக்குச் செய்துதான் போக முடியும்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும், யோசித்துச் செய்தால் ஆகாதா என்று கேட்கலாம். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 5 அடிக் கம்பை நடுவில் பிடித்து விநாடிக்கு 2 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். நல்ல ஆட்டக்காரருக்கு இது பெரிய வேகமே இல்லை. நுனி போடும் வட்டத்தின் சுற்றளவு 15.7 அடி, விநாடிக்கு 2 சுற்று என்றால் சுமார் 31 அடி. அதாவது மணிக்கு ஏறக்குறைய 34 கிலோமீட்டர். அதே வேகத்தில் ஓர் அடி 5 அடி தூரத்தைக் கடந்து உங்கள் தோளுக்கு வர எடுக்கும் நேரம் 0.16 விநாடி.

இனி உங்கள் பக்கம். விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்து என்று சொன்னால், அந்த ஒரே ஒரு எளிய வேலைக்கே மனிதர்களுக்குச் சராசரியாக 0.2 விநாடிக்குக் குறையாமல் ஆகிறது. அதுவும் விரல்நுனி அசைவதற்கு. கம்பைத் தூக்கிக் குறுக்கே கொண்டுவர அல்ல. எந்த விளக்கு எரிகிறதோ அதற்குரிய பொத்தானை அழுத்து என்று பல தெரிவுகள் கொடுத்தால் நேரம் இன்னும் கூடும். தெரிவுகள் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம் கூடிக்கொண்டே போகிறது என்று 1952-இல் வில்லியம் ஹிக் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் காட்டினார். அடி தலைக்கா, இடுப்புக்கா, காலுக்கா? தடுப்பதா, விலகுவதா, உள்ளே நுழைவதா? யோசிக்க உட்கார்ந்தால் அடி விழுந்து, வலித்து, வீங்கவும் ஆரம்பித்திருக்கும்.

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. 0.16 விநாடியில் வரும் அடியை 0.2 விநாடியில் விழித்துக்கொள்ளும் மனிதன் எப்படித்தான் தடுக்கிறான்? பயிற்சியால் அனிச்சை வேகம் கூடிவிடுகிறது என்று பலர் நம்புகிறார்கள். விளக்கையும் பொத்தானையும் வைத்துச் சோதித்தால், தேர்ந்த வீரருக்கும் மற்றவருக்கும் இடையில் அப்படியொன்றும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் தெரிவதில்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. அவர் கம்பின் நுனியைப் பார்த்துத் தடுப்பதில்லை. நுனி கிளம்புவதற்கு முன்பே எதிராளியின் தோள் திரும்பியிருக்கும், முன்காலில் எடை ஏறியிருக்கும், முழங்கை விலாவை விட்டு விலகியிருக்கும். அதைப் பார்த்தே அவருடைய கை புறப்பட்டுவிட்டது.

கிரிக்கெட்டில் இதை நிறையச் சோதித்திருக்கிறார்கள். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, பந்துவீச்சாளரின் கையை விட்டு மட்டைக்கு வந்து சேர அரை விநாடிகூட ஆகாது. பந்து கையை விட்டுப் புறப்படும் முன்பே படத்தை வெட்டிவிட்டு, 'எங்கே விழும்?' என்று கேட்டால், கற்றுக்குட்டிகள் திணறுகிறார்கள், தேர்ந்த மட்டையாளர்கள் அவர்களைவிட நன்றாகவே ஊகிக்கிறார்கள். பந்தே இன்னும் கிளம்பவில்லை!

என்னைக் கேட்டால், இந்த விஷயத்திலேயே முக்கியமான இடம் இதுதான். பெரும்பாலான பயிற்சிகள் கோட்டை விடும் இடமும் இதுதான். பழக்கம் என்பது ஓர் அசைவு மட்டும் இல்லை. 'இது தெரிந்தால் இது செய்' என்ற ஜோடி. எதைப் பார்த்ததும் கை கிளம்ப வேண்டும் என்ற பாதியைச் சேர்க்காமல், கிளம்பிய கை என்ன செய்ய வேண்டும் என்ற பாதியை மட்டும் பத்தாயிரம் தடவை பழகினால் பாதிப் பழக்கம்தான் கிடைக்கும். அழகாக இருக்கும். ஆனால் அடி வரும்போது வராது.

சிலம்பத்தில் அலங்காரச் சிலம்பம், போர்ச் சிலம்பம் என்று இரண்டு சொல்வார்கள். போட்டிகளிலும் தனியாகச் சுற்றிக் காட்டும் பிரிவு ஒன்று, எதிராளியின் உடம்பில் கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கும் தொடுமுறை ஒன்று. முதலாவதில் கோப்பை வாங்கியவர் இரண்டாவதில் மூன்று நிமிடத்தில் திக்குமுக்காடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர் சோம்பேறி இல்லை. அவருடைய கை கிளம்புவது அவர் மனதிலிருந்து வரும் உத்தரவுக்கு. எதிரில் திரும்பும் தோளுக்கு அந்தக் கை ஒருநாளும் கிளம்பியதே இல்லை. (தனிச்சுற்றை நான் மட்டம் தட்டவில்லை. அது தனிக் கலை. கம்போடு மணிக்கட்டுக்கு ஏற்படும் சிநேகம் அதில்தான் வரும். தெருவில் திருவிழாவுக்கு இறங்கினால் கூட்டம் கூடுவதும் அதற்குத்தான்.)

மற்றக் கலைகளும் இதே பள்ளத்தைப் பார்த்துப் பாலம் கட்டியிருக்கின்றன. ஜூடோவில் ஜோடியைப் பிடித்து, தூக்கி எறியாமல், நுழையும் அசைவை மட்டும் திரும்பத் திரும்பச் செய்வதற்கு உச்சிகோமி என்று பெயர். அப்புறம் ராண்டோரி, அதாவது இருவரும் மனம்போலப் பிடித்து எறியும் பயிற்சி. 1882-இல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, ராண்டோரிக்குப் பெரிய இடம் கொடுத்தார். ஆபத்தான பிடிகளை விலக்கிவிட்டதால் மாணவர்கள் ஒவ்வொரு நாளும் முழுபலத்தோடு, எதிர்ப்பு காட்டும் ஆளோடு பழக முடிந்தது. கராத்தேயில் இன்ன அடி இன்ன இடத்துக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு அடிக்கும் இப்போன் குமிதேயிலிருந்து, சொல்லாமல் அடிப்பதற்குப் படிப்படியாகப் போகிறார்கள். எங்கள் கூடத்தில் இதற்கு ஜப்பானியப் பெயரெல்லாம் இல்லை. முதலில் தலை, இடுப்பு, கால் என்று வரிசை மாறாமல் ஆசான் அடிப்பார். பத்து நாள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் இடுப்பில் ஆரம்பிப்பார்.

அன்றைக்கு விழுந்த அடியில்தான் நான் எதைப் பழகியிருந்தேன் என்று தெரிந்தது. வரிசையைப் பழகியிருந்தேன், தடுப்பதைப் பழகவில்லை.

இதிலிருந்து அடுத்த விஷயம். உடம்புக்கு நல்லது கெட்டது தெரியாது, எண்ணிக்கைதான் தெரியும். எதைத் திரும்பச் செய்கிறீர்களோ அது பதியும், நீங்கள் பதிய வைக்க நினைத்தது அல்ல. கம்பு சுற்றும்போது நுனியையே பார்க்கும் பழக்கம் எனக்கு இருந்தது. இடித்துவிடுமோ என்ற பயம்தான். யாரும் அதைப் பழகு என்று சொல்லவில்லை, நானும் பழக நினைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் பார்த்தேன், அதனால் சுற்று கைக்கு வந்தபோது பார்வையும் அதனோடு ஒட்டிக்கொண்டு வந்தது. எதிரில் ஆள் நின்றபோது ஆளைப் பார்க்க முடியவில்லை, கண் கம்புக்கே போனது. சுற்றைக் கற்க இரண்டு மாதம் ஆனது. அந்தப் பார்வையைக் கழற்ற ஐந்து மாதம்.

தொடக்கத்தில் மெதுவாகச் செய்யச் சொல்வது இதனால்தான். வேகமாகச் செய்யும்போது தப்பு நடக்கும், நடந்தது தெரியாது, தெரியாமலே பதியும். மெதுவாகச் செய்தால் தப்பு கண்ணுக்கு அகப்படும். களைத்துப் போன பிறகு நிறுத்திவிட வேண்டும் என்பதற்கும் இதே காரணம்தான். கை தொங்கிய பிறகு சுற்றும் ஐம்பது சுற்றும் தொங்கிய கையைத்தான் பழக்குகின்றன. மனவலிமைக்காகக் களைத்தபின்னும் செய்யச் சொல்லும் ஆசான்கள் இருக்கிறார்கள். அது வேறு பாடம். அந்த நேரத்தில் புது அசைவைக் கற்கக்கூடாது, அவ்வளவுதான்.

ஆனால் 'ஒரே மாதிரி' என்பதைத் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. நிகோலாய் பெர்ன்ஸ்டைன் என்ற ரஷ்ய ஆய்வாளர் 1920-களில் மாஸ்கோவில், உளியைச் சுத்தியலால் அடிக்கும் தொழிலாளிகளின் கையிலும் சுத்தியலிலும் சின்னச் சின்ன விளக்குகளைப் பொருத்திப் படம் எடுத்தார். வருடக்கணக்காக அதே வேலையைச் செய்கிறவர்கள். சுத்தியல் ஒவ்வொரு முறையும் சரியாக உளியின் தலையில் விழுந்தது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சம் வேறு வேறு பாதையில் போயின. தோள் கொஞ்சம் விலகினால் மணிக்கட்டு அதைச் சரிக்கட்டியது. அவர்கள் பழகியிருந்தது ஒரு அச்சு வார்ப்பை அல்ல, ஒரு காரியத்தை எப்படியாவது முடித்துவிடும் சாமர்த்தியத்தை.

கோலம் போடுகிறவர்களைப் பார்த்தாலே இது தெரியும். வாசல் சரிவாக இருந்தாலும் மாவு கரடாக இருந்தாலும் கோலம் கோலமாகத்தான் வரும். ஆகவே வழவழப்பான தரையில், ஒரே கம்பில், ஒரே நேரத்தில் மட்டும் பழகினால் போதாது. மணலில் நின்று சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் கனமான கம்பு, கொஞ்சம் நீளமான கம்பு, உயரமான ஜோடி, இடது கைக்காரர் என்று மாற்றிப் பழகுங்கள்.

வரிசையையும் கலைக்க வேண்டும். இது மனதுக்குப் பிடிக்காத உண்மை. ஒரே தடுப்பை 50 தடவை, அப்புறம் அடுத்ததை 50 தடவை என்று செய்தால் அந்த மாலை நன்றாக வரும், சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம். மூன்றையும் கலந்து, எது வரும் என்று தெரியாமல் செய்தால் அன்றைக்குச் சொதப்பலாக இருக்கும். ஆனால் சில நாள் கழித்துச் சோதித்தால் கலந்து பழகியவரே முன்னால் நிற்பார். இறகுப்பந்தில் மூன்று வகை சர்வீஸ்களை வைத்து 1986-இல் வந்த ஓர் ஆய்விலும் இதேதான் தெரிந்தது. பயிற்சியின்போது எவ்வளவு நன்றாக வருகிறது என்பதை வைத்து எவ்வளவு பதிந்தது என்று அளக்க முடியாது என்பதுதான் இதில் சங்கடம். சொதப்பிய நாள் வீண் போன நாள் இல்லை. நான் இதை அறிவால் ஒப்புக்கொண்டாலும் சொதப்பிய நாளில் இன்னமும் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் வீடு திரும்புகிறேன்.

எவ்வளவு நேரம் பழகுவது? ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் வியர்த்துக் கொட்டுவதைவிட நாள்தோறும் இருபது நிமிடம் மேல். பிரிட்டனில் தபால்துறை ஊழியர்களுக்குத் தட்டச்சுப் பலகை பழக்கியபோது ஆலன் பாட்லியும் லாங்மனும் செய்த ஆய்வு 1978-இல் வெளியானது. நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும் பழகிய குழு, அதே திறமையை எட்ட மொத்தத்தில் எடுத்துக்கொண்ட மணிநேரம் மிகக் குறைவு. நாளைக்கு இரண்டு மணி நேரமாக இரண்டு தடவை, ஆக நான்கு மணி நேரம் பழகிய குழுவுக்குத்தான் அதிக மணிநேரம் பிடித்தது. வேடிக்கை என்னவென்றால், ஒரு மணி நேரக் குழுவினர்தான் தங்கள் பயிற்சியில் திருப்தி குறைந்தவர்களாக இருந்தார்கள். நாட்கணக்கில் பார்த்தால் மற்றவர்களைவிட அவர்களுக்கு இழுத்துக்கொண்டே போனதே! நன்றாகக் கற்றவர்களுக்கு நன்றாகக் கற்பதாகத் தோன்றவில்லை.

இடைவெளி ஏன் உதவுகிறது என்பதற்கு ஒரு காரணம், கம்பைக் கீழே வைத்த பிறகும் மூளை வேலையை நிறுத்துவதில்லை. பழகியதை உறுதிப்படுத்தும் வேலை ஓய்விலும் தூக்கத்திலும் நடக்கிறது. ராத்திரி வராத திருப்பம் மறுநாள் காலை முதல் தடவையிலேயே வந்து நிற்கும் அனுபவம் பலருக்கும் இருக்கும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி கண்விழித்துப் படிக்கும் வித்தை உடம்பிடம் செல்லாது.

21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை நம்பாதீர்கள். தினசரிப் பழக்கம் படிவதற்கு எத்தனை நாளாகிறது என்று லண்டனில் 96 பேரை வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2010-இல் வெளிவந்தது. சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. அதுவும் சாப்பாட்டுக்குப் பின் பழம் சாப்பிடுவது போன்ற சின்ன விஷயங்களுக்கு. அந்தக் கணக்கு கம்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகும் பழக்கத்துக்குப் பொருந்தலாம். மாடியில் சுற்றும் சுற்றுக்குப் பொருந்தாது. கைத்திறனுக்கு முடிவுத் தேதி கிடையாது. முதலில் மளமளவென்று ஏறும், அப்புறம் மெல்ல ஏறும், ஏறுவதே தெரியாது. தொழிற்சாலையில் இயந்திரத்தில் சுருட்டு செய்யும் பெண்களை ஆராய்ந்த கிராஸ்மன், 1959-இல் எழுதினார்: பல லட்சம் சுருட்டு செய்த பிறகும் அவர்களுடைய வேகம் கூடிக்கொண்டுதான் இருந்தது.

கடைசியாக ஒரு பயத்தைப் பற்றி. நன்றாகப் பழகிய அசைவு, ஊர் பார்க்கும்போது சிலருக்குக் கெட்டுப்போகிறது. காரணம் பெரும்பாலும் அக்கறைதான். 'இன்று தப்பு வரக்கூடாது' என்று, கை தானாகச் செய்துகொண்டிருந்த வேலையில் மனம் மறுபடி தலையிடுகிறது: மணிக்கட்டு சரியாகத் திரும்புகிறதா, பிடி சரியா? மாடிப்படி இறங்கும்போது எந்தக் கால் எந்தப் படி என்று யோசித்தபடி இறங்கிப் பாருங்கள், தடுமாறும். தேர்ந்த கால்பந்து வீரர்களைப் பந்தைத் தட்டிச் செல்லும்போது காலைக் கவனிக்கச் சொன்னால் ஆட்டம் கெடுகிறது. புதியவர்களுக்கோ அதே கவனிப்பு உதவுகிறது. அதனால் 'யோசிக்காதே' என்று புதிய மாணவனிடம் சொல்வதும், 'கையைக் கவனி' என்று மேடையில் நிற்கும் பழைய மாணவனிடம் சொல்வதும் இரண்டும் தப்பு. மேடையில் கவனத்துக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும்: எதிராளியின் தோள், பறையின் தாளம், அடுத்து எந்தப் பக்கம் நகர்வது. கை கையின் வேலையைப் பார்க்கும்.

உண்மையில் தானாக வருவதன் பயனே அதுதான். மனம் சும்மா இருப்பதற்காக இல்லை, மேல் வேலைக்கு மனம் மிச்சப்படுவதற்காக. தடுப்பைக் கை பார்த்துக்கொண்டால்தான் எதிராளி தொடர்ந்து இரண்டு முறை இடதுகாலையே முன்வைக்கிறான் என்பது கண்ணில் படும்.

வீட்டில் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ஒரு சுற்று, ஒரு தடுப்பு, இரண்டே இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடியில் கொடிக்கயிறு இல்லாத மூலையாகப் பார்த்து, தினமும் ஒரே நேரத்தில் பதினைந்து இருபது நிமிடம். முதலில் மெதுவாக, பார்வை கம்பில் இல்லாமல் எதிர்ச்சுவரில். ஒரு சுவர்ப்புள்ளியை எதிராளியின் மார்பாக வைத்துக்கொண்டால் நல்லது. வாரத்தில் இரண்டு நாளாவது ஒரு ஜோடி வேண்டும். யாரும் கிடைக்கவில்லை என்றால், வீட்டில் இருப்பவரை எதிரில் நிறுத்தி, ஒரு துண்டைச் சுருட்டிக் கையில் கொடுத்து, தோன்றியபோது தோன்றிய பக்கம் வீசச் சொல்லுங்கள். சுருட்டிய துண்டுக்கும் தோள் திரும்பித்தான் ஆக வேண்டும். அந்தத் தோளைப் பாருங்கள். பிள்ளைகள் இந்த வேலைக்கு அருமையான ஆட்கள், இரக்கமே காட்ட மாட்டார்கள்.

மாதம் ஒரு தடவை, சுற்றிக்கொண்டிருக்கும்போது யாரையாவது உங்களிடம் ஏதாவது கேட்கச் சொல்லுங்கள். சமையல், சம்பளம், எதுவானாலும் சரி.

எனக்கு இப்போது வலது பக்கத்தில் கேட்டால் சட்னி வரைக்கும் சொல்லுவேன். போன வாரம் ஆசான் இடது கைக்கு மாற்றச் சொல்லிவிட்டுக் கேட்டார். பொங்கல் என்று சொல்லி முடிப்பதற்குள் முழங்காலில் இடித்தது. "சரி, சுத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.